பூட்டிய அலமாரியும் கோடை விடுமுறையும்

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் தெருவில் இறங்கிவிட்ட ஒரு மாலைப் பொழுதில், எமது பங்கின் மூத்தவர் ஒருவர் பங்குத்தந்தை இல்லத்தின் படியேறி வந்தார். கையில் ஒரு பொட்டலம். நாளிதழில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். மேசைமேல் வைத்துவிட்டுத் தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பிரித்துப் பார்த்தோம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. உள்ளட்டையில் எமது கோயில் நூலகத்தின் முத்திரை.

"சாமி, இது கோயில் அலமாரியில இருக்கலாமா? என் பேத்தி எடுத்துட்டு வந்திருக்கா" என்றார்.

பேத்திக்கு வயது என்ன என்று கேட்டோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு என்றார். நீங்கள் இதைப் படித்தீர்களா என்று கேட்டோம். "நான் எதுக்குச் சாமி படிக்கணும்? பின்னட்டையைப் பார்த்தேன், போதும்" என்றார்.

அவரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நாற்பது ஆண்டுகளாக விடியற்காலைத் திருப்பலிக்குத் தவறாதவர். தவக்கால நோன்பை மருத்துவர் தடுத்தும் விடாதவர். அவரது அச்சம் நேர்மையான அச்சம். ஆனால் அடுத்த ஞாயிறன்று பதினொருவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று எம் கைக்கு வந்தது. விடுமுறைக் காலத்தில் கோயில் நூலகத்தில் புனிதர் வரலாறுகளும் விவிலியக் கதைகளும் மட்டுமே வழங்கப்பட வேண்டுமாம். நாவல்களைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பங்குத்தந்தையே வைத்துக்கொள்ள வேண்டுமாம். காரணம்: குடும்ப உறவுகள் சீர்குலையும். அன்று அவர்களுக்கு நாம் அளித்த மறுமொழி போதுமானதாக இல்லை. ஆகவே இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம். கையொப்பமிட்டவர்களுள் ஐவரேனும் இவ்விதழின் சந்தாதாரர்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வீடு சந்திப்பதற்காக மாலையில் நாம் செல்லும் இல்லங்களில் பெரும்பாலானவற்றில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். சாமி வந்துவிட்டாரே என்று ஒலியை மட்டும் குறைப்பார்கள், படம் ஓடும். மாமியார் மருமகளின் பாலில் எதையோ கலப்பாள். அண்ணன் தம்பியின் சொத்தைப் பறிக்கக் கையெழுத்தைத் திருடுவான். மறுநாளும் அதுவே, மறு ஆண்டும் அதுவே. குடும்ப செபமாலையின் நேரம் தொடரின் நேரத்திற்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்தப்படுவதை நாம் அறிவோம். கைப்பேசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் உலகத்தின் சாக்கடை முழுவதும் இருக்கிறது. இவற்றுள் எதையும் எவரும் நாளிதழில் சுற்றி எம்மிடம் கொண்டுவந்ததில்லை. பக்கம் பக்கமாகப் பொறுமையோடு படிக்க வேண்டிய ஒரு நாவல்தான் குடும்பத்தைக் குலைக்கும் என்பது விந்தையான அச்சம் அன்றோ!

தமிழில் முதல் நாவலை எழுதியவர் யார் என்று விண்ணப்பதாரர்களைக் கேட்க விரும்புகிறோம். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளையின் படைப்பு. அவர் கத்தோலிக்கர். நம்மவர். திருமணத்திற்குப் பின் மாப்பிள்ளை எந்த வீட்டில் வாழ்வது என்ற பெரியவர்களின் பிடிவாதம், அதனால் முறிந்துபோகும் மணப்பேச்சு, பிரிவு, ஆணுடையில் அரசாளும் ஞானாம்பாள், மீண்டும் கூடுகை. குடும்ப உறவையும் புதுத் தொடக்கத்தையும் பற்றிய கதையோடுதான் தமிழ் நாவலே பிறந்தது. பிறந்த வீடு நம் வீடு. அந்நூலும் எமது அலமாரியில் இருக்கிறது. நாவல்களைப் பூட்ட வேண்டுமென்றால் அதையும்தான் பூட்டியாக வேண்டும்.

நூல்களைப் பூட்டிவைத்த அனுபவம் திருச்சபைக்கு இல்லாமலில்லை. விக்டர் யூகோவின் 'லே மிசராப்ல்' 1862-இல் வெளிவந்தது. சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழைபடும் பாடு' என ஆக்கித் தந்தது இதனையே. 1950-இல் நாகையாவின் நடிப்பில் திரைப்படமாகவும் வந்தது. வெள்ளித் தட்டுகளைத் திருடிச் சென்றவனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் ஆயரை அறியாதவர் யார்? எத்தனை மறையுரைகளில் அந்த ஆயரைப் பயன்படுத்தியிருக்கிறோம்! அந்த ஆயரைப் படைத்த நூல் 1864 முதல் 1959 வரை உரோமையின் தடைநூற்பட்டியலில் இருந்தது. அப்பட்டியலையே 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நீக்கினார். அதே 1966-இல்தான் தமிழில் 'அம்மா வந்தாள்' வந்தது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் கண்டனப் புயலைக் கிளப்பியதும் அதே ஆண்டில்தான். உரோமை பூட்டைத் திறந்த ஆண்டில் வந்த நூலுக்கு நம் பங்கில் இன்று பூட்டுக் கேட்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் வலுவான சான்றுகள் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். குருமடத்தில் கற்றதை மறந்துவிட்டோம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலில், வர்ஜிலின் காவியத்தில் வரும் டைடோவின் சாவுக்காக அழுத தாம், தம் ஆன்மாவின் சாவுக்காக அழவில்லையே என்று வருந்துகிறார். அவிலா நகர்ப் புனித தெரேசா, வீரதீரக் கதைகளில் தாம் இளமையில் மூழ்கிக் கிடந்ததைக் குற்றமாகவே எழுதியுள்ளார். 1521-இல் காலில் குண்டடிபட்டுப் படுத்திருந்த இஞ்ஞாசியார் அத்தகைய கதைகளைத்தான் கேட்டார். வீட்டில் அவை இல்லாததால் கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறும் கையில் தரப்பட, மனம் மாறினார். பார்த்தீர்களா, அலமாரியில் நாவல் இல்லாததால் திருச்சபைக்கு ஒரு புனிதர் கிடைத்தார் என்று எம்மிடம் வாதிட்டவரும் உண்டு. நல்ல வாதம், மனம்விட்டுச் சிரித்தோம். ஆனால் அந்தப் புனிதர் வரலாறு அவரைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம், கதைக்குள் தம்மை வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்ததுதான். அவர் பின்னாளில் ஆன்மீகப் பயிற்சிகளில் நமக்குக் கற்றுத்தந்த முறையும் அதுவே: காட்சியைக் கண்முன் நிறுத்து, அதில் நீயும் ஓர் ஆளாக நில். அகுஸ்தீனாரைப் பொறுத்தவரை, டைடோவுக்காக அழத் தெரியாத ஒருவரால் 'அறிக்கைகள்' எழுதியிருக்க முடியுமா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

இனி, குடும்பத்திற்கு உகந்தவை என்று விண்ணப்பதாரர்கள் பரிந்துரைக்கும் கதைகளுக்கு வருவோம். அவை எப்படிப்பட்டவை என்பது நமக்குத் தெரியும். இவ்விதழின் பழைய பக்கங்களிலும் அவை உண்டு, நாமே இரண்டு எழுதியிருக்கிறோம். கணவன் குடிகாரன். மனைவி பொறுமைசாலி. பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில் தற்செயலாக நிற்கும் அவன் காதில் மறையுரையின் ஒரு சொல் விழுகிறது. கண்ணீர். உயிர்ப்பு ஞாயிறன்று புதுச்சட்டையில் அவன்; பக்கத்தில் புன்னகைக்கும் மனைவி. முற்றும். இந்தக் கதைகளில் பாவத்தின் காலம் பதினைந்து ஆண்டு, மனமாற்றத்தின் காலம் ஒரு பத்தி, மன்னிப்பின் காலம் ஒரு வரி. அந்தப் பதினைந்து ஆண்டும் அவள் உடம்பில் எங்கே போயின என்று கதை கேட்பதில்லை.

இக்கதைகளால் என்ன தீங்கு என்பார்க்கு, எமது குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டியவராகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், இரு பிள்ளைகளோடு தாய்வீட்டிற்குத் திரும்பி வந்திருந்த ஒரு பெண்ணை, அவள் கணவன் எம்மிடம் வந்து அழுததைக் கண்டு, "சமாதானமாகப் போ அம்மா" என்று அறிவுரை கூறி அனுப்பிவைத்தோம். அவன் அழுகை பொய்யென்று இன்றும் சொல்ல மாட்டோம். மெய்யாகவே அழுதான். நமக்கோ அந்தக் கதை அழகாக முடிந்துவிட்டது. அடுத்த மறையுரையில் பெயர் சொல்லாமல் அதைக் குறிப்பிடவும் செய்தோம். நான்கு மாதங்கள் கழித்து அவள் வந்தாள், இடக்கையில் மாவுக்கட்டோடு. "நீங்க சொன்னீங்கன்னு போனேன் சாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு நாம் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். மறைநூலில் தேர்ச்சி பெற்றிருந்தோம், ஒழுக்க இறையியலில் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தோம். ஆனால் ஒரு குடும்பத்தின் புதுத் தொடக்கம் எத்தகையது என்பதைக் கற்பித்த கதைகள் எம்மிடம் பொய்க் கதைகளாக இருந்தன.

அதன் பிறகுதான் டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலை முழுமையாகப் படித்தோம். 1899-இல் வெளிவந்தது, ரா. கிருஷ்ணய்யாவின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைப்பது நம் பேறு. நெஹ்லூதவ் என்ற இளம் பிரபு, தன் அத்தைமார் வீட்டில் வளரும் கத்யூஷா என்ற பெண்ணைக் கெடுத்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துப் போய்விடுகிறான். உயிர்ப்புப் பெருவிழாத் திருவழிபாட்டில் இருவரும் கலந்துகொண்ட அதே நாள்களில் அது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுகள் கழித்து அவன் ஒரு வழக்கில் ஜூரியாக அமர்ந்திருக்கிறான். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் விலைமகள் அவள். அவன் மனம் உடைகிறது. அவளை மணந்துகொண்டு பாவத்தைக் கழுவ முன்வருகிறான். நம் கதைகள் இங்கே முடிந்திருக்கும். டால்ஸ்டாயோ இங்கேதான் தொடங்குகிறார். அவள் சீறுகிறாள்: அன்று தன்னை இன்பத்திற்குப் பயன்படுத்தியவன், இன்று தன்னைக் கொண்டே ஆன்மாவை மீட்டுக்கொள்ளப் பார்க்கிறான் என்று. சைபீரியா வரை அவன் பின்தொடர்கிறான். இறுதியில் அவள் மன்னிக்கிறாள். ஆனால் வேறொருவனைத் தேர்ந்துகொள்கிறாள். மன்னிப்பு கொடுப்பவரின் உரிமை, கேட்பவரின் உரிமையன்று. மன்னித்தவள் திரும்பி வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. இதனை எமக்கு எந்த இறையியல் நூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கவில்லை. சிறைச்சாலை வழிபாட்டைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியிருப்பது எமக்கு வேதனை தந்தது. 1901-இல் இரஷ்யத் திருச்சபை அவரை விலக்கியது. அந்த அதிகாரத்தோடு நாம் உடன்படவில்லை. படித்துவிட்டு உடன்படாமல் இருக்கலாம் என்பதையும் பிள்ளைகள் கற்க வேண்டாமா?

ஜெயகாந்தனின் கதையைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாதவனின் காரில் ஏறுகிறாள்; கெடுக்கப்படுகிறாள். நனைந்த உடலோடு வீடு திரும்பி அம்மாவிடம் சொல்கிறாள். சிறுகதையில் அந்தத் தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள், வெளியே தெரியாமல் காக்கிறாள். இதற்குத்தான் அவ்வளவு கண்டனம். பின்னர் அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினாவை எடுத்துக்கொண்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. நாவலின் தாய் கூச்சலிடுகிறாள், ஊர் அறிகிறது, அண்ணன் வெளியேற்றுகிறான். கங்கா படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், தன் காலில் நிற்கிறாள். ஆயினும் அந்த ஓர் இரவின் கூச்சல் அவள் வாழ்நாள் முழுவதும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தாய்மார்களுக்குச் சொல்கிறோம்: இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். முதலில் சிறுகதை, அடுத்த நாள் நாவல். ஒரே வீடு, ஒரே மழை, ஒரே மகள். வேறுபட்டது தாயின் ஒரு நிமிடம். தலைமேல் ஊற்றப்படும் தண்ணீர் எதை நினைவூட்டுகிறது என்பதைத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அதை எழுதியவர் கிறிஸ்தவரல்லர். நமக்கு அது விளங்காமல் போனால் வெட்கம் நம்முடையது.

இனி, பொட்டலத்தில் வந்த நூல். 'அம்மா வந்தாள்' ஒழுக்கக்கேட்டைப் போற்றும் நூல் என்பது பின்னட்டை வாசகரின் தீர்ப்பு. உள்ளே இருப்பது வேறு. அலங்காரம் என்ற தாய் தவறான உறவில் இருக்கிறாள், விட முடியவில்லை. அதற்குப் பரிகாரமாகத் தன் மகன் அப்புவைச் சிறுவயதிலேயே காவிரிக்கரை வேதபாடசாலையில் சேர்த்துவிடுகிறாள். அவன் வேதம் கற்று முனிவனைப் போலத் திரும்பி வருவான், அவன் காலில் விழுந்து தன் பாவத்தைப் பொசுக்கிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. பதினாறு ஆண்டுகள் கழித்து அவன் வீட்டிற்கு வருகிறான், உண்மையைக் காண்கிறான், பாடசாலைக்கே திரும்புகிறான். அவனுக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இந்து என்ற இளம் விதவை அவனுக்காகக் காத்திருக்கிறாள். தாய் அவனைப் பார்க்க வருகிறாள். தன் கணக்குப் பொய்த்ததைக் கண்டு காசிக்குப் போகிறாள்.

இதில் அந்நியமாக என்ன இருக்கிறது? நேர்ச்சைப் பிள்ளைகளை நாம் அறிய மாட்டோமா? நாமே நேர்ச்சைப் பிள்ளைதான். எமக்கு முன் இரு குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்த எமது அன்னை, இது பிழைத்தால் ஆண்டவருக்கே என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தோம், குருவானோம், மகிழ்ச்சியோடு குருவாகவே இருக்கிறோம். அது அன்னையின் நேர்ச்சையால் மட்டும் ஆனதன்று என்பதை உணர எமக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆனால் எல்லா நேர்ச்சையும் அழைத்தலாகக் கனிவதில்லை. தந்தையின் குடியைத் தீர்க்க, பாட்டனின் சாபத்தைப் போக்க, குடும்பத்தின் மானத்தை மீட்க எனப் பிள்ளைகளைப் பரிகாரப் பொருளாகக் குருமட வாசலில் கொண்டுவிடும் இல்லங்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவன் ஏழாம் ஆண்டில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினால் நாம் அவனை எப்படி வரவேற்கிறோம்? "திருப்பி அனுப்பப்பட்டவன்" என்கிறோம். என்ன குற்றம் செய்தானோ என்று கோயில் திண்ணையில் பேசுகிறோம். நேர்மையாகத் தன் மனச்சான்றைக் கேட்டுத் திரும்பியவனுக்கு ஒரு வேலை, ஒரு பெண், ஒரு வாழ்க்கை அமைய நாம் தடையாக நிற்கிறோம். இவ்வூரிலும் அப்படியொருவர் இருக்கிறார். அவர் திருப்பலிக்கு வந்து கடைசித் தூணின் நிழலில் நிற்பதை நாம் பீடத்திலிருந்து பார்க்கிறோம். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர்களுள் எத்தனை பேர் அவரோடு பேசுகிறார்கள்?

எமது ஐயம் இதுதான், வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். இந்நூல்கள் ஆபாசம் என்பதனால் எவருக்கும் அச்சமில்லை. இவற்றைப் படித்தால் நம் தீர்ப்புகள் ஆட்டம் காண்கின்றன, அதனால்தான் அச்சம். அலங்காரத்தை வெறுக்கத் தொடங்கி, நூறு பக்கங்களுக்குப் பிறகு வெறுக்க முடியாமல் தவிக்கிறோம். அந்தத் தவிப்போடு அடுத்த தெருப் பெண்ணைப் பற்றி முன்போலப் பேச நா எழுவதில்லை. திண்ணைப் பேச்சுக்கு அது பெரிய இழப்புத்தான்.

பாமாவின் 'கருக்கு' இதைவிட நெருங்கி வந்து சுடும். ஏழு ஆண்டுகள் துறவற சபையில் வாழ்ந்து, அங்கும் சாதியின் முகத்தைக் கண்டு, வெளியேறி, கையில் ஒன்றுமின்றி வாழ்வை மீண்டும் தொடங்கிய ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் எழுத்து. 1992-இல் வெளிவந்தது. நம் பள்ளிகளையும் மடங்களையும் பற்றி அது கூறுவனவற்றைப் படிக்கையில், ஒரு குருவாக எமக்குப் பல இடங்களில் நூலை மூடிவைக்கத் தோன்றியது. மூடிவைத்தோம், மறுபடி எடுத்தோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் வரும் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியும் நம் ஞானத் தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவளே. ஊரார் துணியை வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கும் அவளை, கோயிலில் நாம் எந்த வரிசையில் உட்கார வைத்திருந்தோம் என்பதை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எல்லாம் துயரமா என்று கேட்பவர்களுக்கு, ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' (1973). மனைவி வேறொருவனோடு போய்விட்ட அவமானத்தில் ஊரைவிட்டு நீங்கிய சபாபதிப் பிள்ளை எடுத்து வளர்த்த அநாதைப் பிள்ளை ஹென்றி. தந்தை இறந்தபின் அவருடைய ஊருக்கு வருகிறான், அவர் வீட்டைத் தேடி. சாதி வேறு, மதம் வேறு, நிறமே வேறு. சொத்தை அனுபவித்துவரும் தம்பி துரைக்கண்ணு சண்டைக்கு நிற்பான் என்றுதானே எதிர்பார்ப்போம்? அண்ணன் மகன் வந்துவிட்டான் என்று அவன் அணைத்துக்கொள்கிறான். பங்கைப் பிரித்துக்கொள் என்கிறான். எனக்கு வீடு மட்டும் போதும் என்கிறான் ஹென்றி. இரத்தம் இல்லாத உறவு இவ்வளவு உறுதியாக நிற்பதைத் தமிழில் வேறெங்கும் நாம் கண்டதில்லை. அண்ணன் தம்பி வழக்கோடு எம் முன் வந்து அமர்பவர்களுக்கு, பத்திரத்தைப் பார்க்குமுன் இந்நூலைக் கொடுத்தனுப்புவது எமது வழக்கம். ஒருவர் மட்டும் படித்துவிட்டு வந்தார். வழக்கு தீரவில்லை, ஆனால் தம்பி மகளின் திருமணத்திற்குப் போனார்.

ஆங்கிலத்தில் படிக்கக் கூடியவர்கள் பிரான்சுவா மோரியாக்கின் விரியன் பாம்புகளைப் பற்றிய அந்த 1932-ஆம் ஆண்டு நாவலைத் தேடிப் பிடியுங்கள். மோரியாக் கத்தோலிக்கர், 1952-இல் நோபல் பரிசு பெற்றவர். மனைவி மக்களை வெறுத்து, பணத்தை அணைத்துக்கொண்டு, அவர்களைப் பழிவாங்கவே கடிதம் எழுதும் ஒரு கிழவரின் கதை. ஒழுங்காகச் செபிக்கும் குடும்பம் ஒருபுறம், நம்பிக்கையற்ற அந்தக் கிழவர் மறுபுறம். யார் இறைவனுக்கு அருகில் வருகிறார் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அமர்வில் எம்மால் முடியவில்லை. அடிக்கடி எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

விவிலியக் கதைகள் மட்டும் போதும் என்ற கோரிக்கைக்கு நாம் மகிழ்ந்து தலைவணங்குகிறோம், விவிலியத்தை மெய்யாகவே படிப்பதாயின். தோபித்து நூலை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? பதினான்கு அதிகாரங்கள். புனித எரோணிமுஸ் அதை ஒரே நாளில் மொழிபெயர்த்ததாகச் சொல்கிறார்; நமக்குப் படிக்க ஒரு மதியம் போதும். கண்ணிழந்த தோபித்து வேலையற்று வீட்டில் கிடக்க, மனைவி அன்னா நெசவுக் கூலியில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். கூலிக்கு மேல் அவளுக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுக்கிறார்கள். கணவன் அது திருட்டு ஆடு என்கிறான். அவளும் திருப்பிக் கேட்கிறாள், உன் தருமமெல்லாம் எங்கே போயிற்று என்று. நேற்று மாலை நம் தெருவில் நடந்த சண்டையைப் போலில்லையா? அதே நேரம் வேறோர் ஊரில், ஏழு கணவரை அடுத்தடுத்து இழந்த சாராவைப் பணிப்பெண்ணே பழித்துப் பேச, அவள் சாவைத் தேடுகிறாள். புருஷனை விழுங்கியவள் என்ற அந்தப் பேச்சு இன்றும் நம் ஊர்களில் கைம்பெண்ணின் காதுபடச் சொல்லப்படுவதுதான். அவளுக்கு எட்டாவது திருமணம் நடக்கிறது. வானதூதர் இரபேல் உடன் நிற்கிறார். மறுமணம் என்றால் முகம் சுளிப்பவர்கள் இரபேலின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கட்டும். ரூத்து நூல் இன்னும் சிறிது, நான்கே அதிகாரங்கள். மருமகளோடு பேச்சு நின்றுபோன மாமியார்களுக்கு முதல் அதிகாரமே ஒரு வாரத்திற்குப் போதும்.

வயது பற்றிய கவலையை மட்டும் நாம் முழுமையாக ஏற்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் 'அம்மா வந்தாள்' தரப்படாது. நூலகப் பொறுப்பாளருக்கு அவ்வாறே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் வாக்களிக்க வயதான, நாளை மணமேடையில் நிற்கப்போகும் பேத்தி எதைப் படிக்கலாம் என்பதை, படிக்காத தாத்தா முடிவு செய்ய முடியாது. அவளோடு சேர்ந்து படித்துவிட்டு அவர் சண்டையிடட்டும். அந்தச் சண்டையை நாம் வரவேற்கிறோம்.

கையொப்பமிட்டவர்களுள் ஒருவர், இதற்குத் திருச்சபையின் ஒப்புதல் உண்டா என்று கேட்டார். உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 நாளிட்டு, உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு பற்றியே ஒரு மடல் எழுதினார். குருக்களுக்கென்று தொடங்கி, எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உரியதென விரித்தார். விடுமுறை நாளின் வெப்பத்திலும் வெறுமையிலும் ஒரு நல்ல நூல் ஆற்றும் பணியையும் அதில் நினைவூட்டுகிறார். 1964, 1965 ஆண்டுகளில் சாந்தா ஃபே நகரின் இயேசு சபைப் பள்ளியில் இலக்கிய ஆசிரியராக இருந்தவர் அவர். பாடத்திட்டத்தின் பழங்காவியத்தை மாணவர்கள் விரும்பாதபோது, அதை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினாராம். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது நம் கோயில்களில் கறுப்புக் கொடி கட்டினோம், இரங்கல் திருப்பலி வைத்தோம். அந்த மடலைப் படித்தவர் எம் பங்கில் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தோம். கை தூக்கியவர் இருவர்.

விண்ணப்பத்தின்படி சாவி இப்போது பங்குத்தந்தை இல்லத்தில் இல்லை. உபதேசியாரிடம் கொடுத்துவிட்டோம். பள்ளி திறக்கும்வரை ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின்னும், புதன் மாலை நவநாள் முடிந்த பின்னும் நூலகம் திறந்திருக்கும். ஒருவருக்கு இரண்டு நூல்கள். பதினைந்து நாள் தவணை. 'புத்துயிர்ப்பு' கனமான நூல் என்பதால் ஒரு மாதம். 'அம்மா வந்தாள்' தற்போது வெளியே போயிருக்கிறது. எடுத்தவர் பெயரைப் பதிவேட்டில் பார்த்தோம். பேத்தியின் பெயரன்று. நாளிதழில் சுற்றித்தான் எடுத்துச் சென்றார் என்று உபதேசியார் சொன்னார்.